பஞ்சர் ஒட்டியாச்சு… பிரேக் போல்ட்டைப் பார்த்தீங்களா?

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினத்துக்கு பைக்கில் போகிறீர்கள். வழியில் பின் டயர் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றி, ஒட்டி, மாட்டிவிட்டு, "முடிஞ்சதுண்ணே, கிளம்புங்க" என்கிறார் கடைக்காரர். ஒரு நிமிஷம் பொறுங்கள்!

பின்னால் டிரம் பிரேக் உள்ள பல பைக்குகளில், பிரேக் ஷூக்களைத் தாங்கும் வட்டத் தகட்டிலிருந்து ஓர் இரும்புப் பட்டை முன்னோக்கிப் போகும். இதுதான் டார்க் ஆர்ம். பிரேக் மிதித்ததும் சக்கரம் அந்தத் தகட்டையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்தப் பட்டையும் அதன் போல்ட்டும்தான். போல்ட் கழன்றால் தகடு சுற்றிக்கொள்ளும். ஓடும்போதே சக்கரம் இறுகிவிடலாம்.

இந்த இணைப்பு எவ்வளவு முக்கியம்? 2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 26,300 கிளாசிக் 350 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. பின்பக்க பிரேக்கின் விசையைத் தாங்க ஸ்விங் ஆர்மில் உள்ள பிராக்கெட், பெடலை மிக அழுத்தி மிதித்தால் சேதமடையலாம் என்பதே காரணம். அவ்வளவு சின்ன பாகம்தான்!

கிளம்பும் முன் கவனிக்க:

1. சக்கரத்தைக் கழற்றும் முன்பே மொபைலில் போட்டோ எடுங்கள். மாட்டியபின் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. டார்க் ஆர்ம் நட் இருக்கிறதா, அதில் ஸ்பிளிட் பின் போட்டு முனைகளை மடக்கியிருக்கிறதா பாருங்கள். கழற்றிய பின்னுக்குப் பதில் புதுசு போடச் சொல்லுங்கள்.

3. டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பர் போல்ட்டுகளைப் பாருங்கள். ஒன்றுகூட விடுபடக் கூடாது.

4. ரொம்ப இறுக்கினால் மரை போய்விடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவதே சரி.

5. இறுக்கிய பிறகு நட்டின் மேல் தொடங்கி பக்கத்து இரும்பு வரை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் நட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

6. பிரேக்கைச் சில தடவை அழுத்திப் பார்த்து, மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே வேகமெடுங்கள்.

நம்ம ஊர் கடல் காற்றில் உப்பு அதிகம். போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறியதை மாற்றும்போது அதே மாடலுக்கான போல்ட்டையே கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதும் உண்டா? ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள். பஞ்சர் கடையில் கூடுதலாக ஒரு நிமிஷம் நின்றால் தப்பில்லை. வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.