மூளை ரத்தக்குழாய் வெடித்தவருக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு…



மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களில் இப்படியொரு பேச்சு எழுவதுண்டு: "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. வாப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பிறகு எதற்கு ஐசியூவில் வைத்துப் பில் ஏற்றுகிறார்கள்? வீட்டுக்கு அழைத்துப் போகலாமே?"

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இந்த நோயின் இரண்டாவது ஆபத்து அந்த நாட்களில்தான் வருகிறது.

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் மெலிந்து பலூன் போலப் புடைப்பதை அனூரிசம் என்கிறார்கள். அது வெடித்தால், வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரே நொடியில் இடி விழுந்தாற்போல் வரும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கமும் சேர்ந்து வரலாம். தைலம் தேய்த்துப் பார்க்காமல் உடனே 108ஐ அழையுங்கள். மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதைத் தடுக்கவே கிளிப் போடுகிறார்கள், அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் காயில் வைத்து அடைக்கிறார்கள்.

ஓட்டை அடைபட்டாலும், ஏற்கெனவே கசிந்த ரத்தம் மூளையைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. அது சிதையும்போது வெளியாகும் பொருள்கள் நன்றாக இருக்கும் மற்ற ரத்தக்குழாய்களையும் சுருங்கச் செய்கின்றன. வாய்க்கால் சுருங்கினால் கடைமடை வயல் காய்கிறதல்லவா, அதே நிலைதான். ரத்தம் எட்டாத மூளைப் பகுதி வாடுகிறது, கவனிக்காவிட்டால் செத்துப்போகிறது. பெரும்பாலும் 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் இது நேர்கிறது. இந்தக் கணக்கு வெடித்த நாளிலிருந்து, ஆபரேஷன் நாளிலிருந்து அல்ல. ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இந்தப் பாதிப்பு வருகிறது.

மருத்துவமனையில் மணிக்கொரு முறை நர்ஸ் எழுப்பிப் பெயர் கேட்பதும், கையைத் தூக்கச் சொல்வதும், கண்ணில் டார்ச் அடிப்பதும் இதற்காகத்தான். "தூங்க விடுங்களேன்" என்று சண்டை போடாதீர்கள். டாப்ளர் கருவியைத் தலையில் வைத்து ரத்தம் ஓடும் வேகத்தையும் அளப்பார்கள். குழாய் குறுகினால் வேகம் கூடும். ரத்தத்தில் சோடியம் குறைகிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது என்றும் கணக்கு வைப்பார்கள்.

நிமோடிபின் என்ற மருந்து வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாட்கள் தரப்படுகிறது. 1989இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 554 நோயாளிகள் இருந்தனர். மூளைத் திசு செத்துப்போனது மருந்து பெறாதவர்களில் 100க்கு 33 பேருக்கு, பெற்றவர்களில் 22 பேருக்கு. முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனாலும் பெரிய உதவி.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சுக் குழறல், சம்பந்தமில்லாத பதில், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, எதிலும் நாட்டமில்லாமை — எதைக் கண்டாலும் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆளின் இயல்பு தெரிந்த மனைவி, மக்கள் கண்ணுக்கே அந்தச் சிறு மாற்றம் முதலில் படலாம். உடனே தெரிந்தால் ரத்த அழுத்தத்தை உயர்த்தியோ, குறுகிய குழாயை உள்ளிருந்து விரித்தோ ரத்த ஓட்டத்தை மீட்க வழியிருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நாட்களில் பிரஷர் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும் என்று மருத்துவர்களே விட்டிருக்கலாம். வீட்டிலிருந்து கொண்டுபோன பிரஷர் மாத்திரையை ரகசியமாகக் கொடுத்துவிடாதீர்கள். ரமலான் மாதமாக இருந்தால் நோன்பு பிடிக்க வேண்டும் என்று நோயாளி அடம்பிடிக்கலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உடலில் நீர் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பணம்தான் நெருக்குகிறது என்றால், சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு அழைத்துவரும் முன், மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். டிரஸ்டுக்கும் தகவல் சொல்லுங்கள்.

முறைப்படி டிஸ்சார்ஜ் ஆகும்போது 21 நாட்கள் முடிந்திருக்காவிட்டால், மீதி நிமோடிபினை வீட்டில் எப்படித் தருவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு வேளைக்கும் செல்போனில் அலாரம் வையுங்கள். மாத்திரையால் தலைசுற்றினால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அளவைப் பிரித்துத் தர அவர் வழி சொல்வார்.