வலைக்கு நீரைவிட வெயிலே பகை

சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் உள்ளது. தமிழகப் பக்கத்து மீனவக் கிராமங்கள் சிலவற்றில் இறால் பிடிக்கும் இடங்கள் ‘பாடு’ என்ற முறைப்படி பங்கிடப்படுகின்றன. முறை வந்தவரே அங்கு சுத்துவலை கட்டலாம். அன்று வலை கிழிந்தால் வருமானம் போய்விடும். அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே வலையைக் காப்பது முக்கியம்.

பருத்தி நூல் வலையை ஈரத்தில் நுண்ணுயிர்கள் மக்கச் செய்துவிடும். இதைத் தடுக்க ஆவாரம்பட்டை, பனிச்சைக்காய் போன்ற துவர்ப்புள்ள பொருள்களின் சாற்றில் தோய்த்து, மணலில் நல்ல வெயிலில் உலர்த்தினர். அந்த நூலுக்கு அது சரியான முறையே.

1960களிலிருந்து படிப்படியாக நைலான் வலை பரவியது. நூல் மாறிய பின்னும் பழக்கம் மாறவில்லை. நைலான் மக்காது, அதற்குத் துவர்ச்சாறு தேவையில்லை. ஆனால் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதன் வலுவைக் குறைத்துவிடும். பார்வைக்கு வலை புதிதுபோலவே இருக்கும். பாரம் ஏறினால் அறுந்துவிடும். நூல் மெல்லியதாக இருந்தால் கேடு விரைவில் வரும். வெள்ளை நூலைவிட அடர்ந்த சாயம் ஏற்றிய நூல் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

கரை சேர்ந்ததும் வலையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். உப்புப் பரல் நூலை அராவும். ஏரியில் உப்பு ஏறும் கோடையில் அலசாமல் விடவே கூடாது. படகிலேயே வலையை விட நேர்ந்தால் ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடலாம். பழைய வலையில் வெயில் படும் மேல்மடிப்பு நூலையும் உள்மடிப்பு நூலையும் கையால் இழுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

நீர் புகாமல் காக்க வேண்டியது செவுள் வலையின் மர மிதவையை. நீரை உறிஞ்ச உறிஞ்ச அது அமிழும். மரத்தை நன்கு உலர்த்தி, முதலில் கயிற்றுத் துளையைப் போட்டுவிட்டு, அதன்பின் எனாமல் வர்ணம் இருமுறை பூச வேண்டும். துளையின் உட்புறத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். நீர் அவ்வழியேதான் புகுகிறது. பூச்சு காய்ந்தபின் கல் கட்டி ஓரிரவு நீரில் அமிழ்த்தி, முன்னும் பின்னும் எடை பார்த்தால் பூச்சின் தரம் விளங்கும். தெர்மோகோல் துண்டுகளை மிதவையாகக் கட்டுவது மலிவுதான். ஆனால் அது மணிமணியாக உதிர்ந்து ஏரியில் சேர்கிறது. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் புட்டி அதைவிட மேல்.

ஈயக் குண்டை வீட்டில் உருக்குவதைக் கைவிடுவது நலம். ஈயம் நஞ்சு, அதன் புகையும் தூசியும் குழந்தைகளை அதிகம் பாதிக்கும். சுட்ட மண் குண்டு போதும். ஆனால் எடைக்கு எடை மாற்றினால் வலை தூக்கிக்கொள்ளும். நூறு கிராம் ஈயம் நீருக்குள் சுமார் 91 கிராமாக நிற்கும். மண் குண்டு ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். ஆகவே நூறு கிராம் ஈயத்துக்குப் பதில் சுமார் 180 கிராம் மண் குண்டு தேவை. மண்ணையும் சுட்ட பதத்தையும் பொறுத்து இது சற்று மாறும். முதலில் ஒரு பாகத்துக்கு மட்டும் கட்டி, ஆழமில்லாத இடத்தில் இறக்கி, அடிக்கயிறு தரையில் படிகிறதா என்று பார்த்தபின் மீதியைக் கட்டலாம்.