‘பால் பத்தலை’ என்ற பேச்சு வீட்டில் வேண்டாம்

மதுரை

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். அடுத்த மாதம் உன் மனைவி மறுபடி வங்கி வேலைக்குப் போகிறாள் என்று உன் அப்பா, என் அண்ணன், போனில் சொன்னார். பாப்பாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம் நடக்கும். தாய்ப்பாலை நிறுத்த அவளுக்கு மனமில்லை, எப்படிச் சமாளிப்பது என்று உனக்கும் புரியவில்லை என்றார். பிரசவ வார்டு நர்ஸாகவே என் உத்தியோக காலம் கழிந்தது. அந்த உரிமையிலும், அவள் எனக்கு மகள் முறை என்ற உரிமையிலும் எழுதுகிறேன். அவளுக்கு எழுதாமல் உனக்கு எழுதக் காரணம் உண்டு. மார்பில் பிள்ளையைப் போட்டுப் பால் கொடுப்பது ஒன்றுதான் அவளால் மட்டுமே முடிகிற காரியம். அதைச் சுற்றியிருக்கிற மற்ற எல்லா வேலையையும் இன்னொருவர் செய்யலாம். அந்த இன்னொருவர் நீதான்.

முதலில் ஒரு பேச்சை வீட்டைவிட்டு அனுப்பு. ‘பால் பத்தலையோ?’ என்ற பேச்சு. வார்டிலிருந்து நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டு போன பெண்கள் சில மாதம் கழித்துப் பால் டின்னோடு வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான் ஆரம்பித்திருக்கும். பிள்ளை அழுதால் பத்தலை, அடிக்கடி குடித்தால் பத்தலை, பிழிந்த பால் லேசாக நீலம் பாய்ந்து தண்ணீராகத் தெரிந்தால் பத்தலை. தாய்ப்பாலின் நிறமே அப்படித்தான். எருமைப்பாலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மெலிவாகப் படும். பம்பில் எவ்வளவு வந்தது என்பதை வைத்தும் முடிவுகட்டாதீர்கள். பிள்ளை உறிஞ்சி எடுக்கிற மாதிரி மெஷின் எடுக்காது. நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பால் பத்துகிறது.

பால் எப்படி ஊறுகிறது என்பது உனக்குத் தெரிந்தால், நீ செய்ய வேண்டியதும் தன்னால் விளங்கும். வைகை மணலில் தோண்டிய ஊற்றுப்போல, எடுக்க எடுக்கத்தான் ஊறும். தேங்கவிட்டால் உடம்பு ‘இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது’ என்று குறைத்துக்கொள்ளும். பால்சுறாப் புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் உன் அம்மா, என் மதினி, செய்து போடட்டும், நல்ல சாப்பாடு, அவளும் தெம்பாக இருப்பாள். ஆனால் ஆபீசில் ஒன்பது மணி நேரம் பாலை எடுக்காமல் இருந்துவிட்டால் எந்தப் புட்டும் ஈடுகட்டாது. ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் பால் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், சிலருக்குக் குளிர்காய்ச்சலும் வரும். ஓரிடம் சிவந்து காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போ. அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

ஆபீசில் எங்கே, எப்போது எடுப்பது என்பதை முதல் நாளைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்பிப் போன பிறகு என்ன உரிமை என்பது பல மேனேஜர்களுக்கே தெரியாது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, தினமும் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை சட்டப்படி அவளுக்குச் சேர வேண்டியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனமென்றால் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். மேனேஜரிடம் அவளே பேசட்டும். நீ போய் நிற்காதே, அது அவளுக்கு மரியாதையில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்தை மட்டும் உட்கார்ந்து டைப் பண்ணிக் கொடு. கிளையில் தனி அறை இல்லையென்றால் ரெக்கார்டு அறை இருக்கும், உள்ளே தாழ்ப்பாள் போட முடிந்தால் போதும். பாத்ரூமில் போய் எடுக்கச் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை குடிக்கப்போகிற பால் அது. 2015-லேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்குத் தனி அறை திறந்த மாநிலத்தில், ஒரு வங்கிக் கிளையில் கதவு சாத்துகிற மூலை கிடைக்காமல் போகாது.

வேலைக்குச் சேர்வது வியாழனோ வெள்ளியோ இருந்தால் நல்லது. முதல் வாரம் சின்னதாகப் போகும், தாய்க்கும் பிள்ளைக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

இப்போதிருந்தே காலையில் முதல் பால் கொடுத்த பிறகு ஒருமுறை பிழிந்து எடுத்துப் பழகட்டும். காலையில்தான் தாராளமாக வரும். அந்தப் பாலை நீயோ மதினியோ பாலாடையில் கொடுத்துப் பாருங்கள். பாட்டிலுக்குப் பழகிய பிள்ளை சிலசமயம் மார்பில் முரண்டு பிடிக்கும். பாட்டிலின் காம்பை முழுக்கச் சுத்தம் செய்வதும் பாடு. பாலாடை அந்தக் கவலையில்லாத பொருள், நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பது. கொடுக்கும்போது அவள் அந்த அறையில் இருக்க வேண்டாம். அம்மா வாசனை பக்கத்தில் இருக்கும்போது பாலாடையை எந்தப் பிள்ளை வாங்கும்? முதல் இரண்டு நாள் துப்பும், சிந்தும், அழும். பொறுமையாக மடியில் நிமிர்த்தி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

பாலைப் பாதுகாப்பது உன் பொறுப்பு என்று எடுத்துக்கொள். 25 டிகிரிக்குள் இருக்கிற அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் சமையலறை அந்தச் சூட்டில் நிற்காது, அதனால் எடுத்தவுடன் குளிர்ச்சிக்குப் போக வேண்டும். ஐஸ் பேக் வைத்த பையில் ஆபீசிலிருந்து வீடு வரைக்கும் தாராளமாகத் தாங்கும். ஃப்ரிட்ஜில் 4 நாள், கதவுத் தட்டில் இல்லாமல் உள்ளே பின்பக்கமாக வை. சின்னச் சின்ன டப்பாவாக, ஒன்றில் 60 மில்லி அளவுக்கு, தேதி எழுதி வை. அவள் வெளியே இருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். சூடாக்க அடுப்பில் வைக்கக் கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது; வெந்நீர்க் கிண்ணத்துக்குள் டப்பாவை வைத்தால் போதும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்கும், கெட்டுப்போனதென்று கொட்டிவிடாதீர்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். பாப்பா குடித்து மீந்ததை மட்டும் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ராத்திரி பம்பின் பாகங்களைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைப்பதும் நீதான். அலுத்து வந்தவளுக்கு அந்த ஒரு வேலைதான் மலையாகத் தெரியும்.

இன்னொன்று, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். அவள் தூங்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் டின் பாலைக் கொடுத்துவிடாதே. பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும். பகலெல்லாம் அம்மாவைப் பார்க்காத பிள்ளை ராத்திரியில் அதிகம் குடிக்கப் பார்க்கும். அது கெட்ட பழக்கமில்லை, பகலில் விட்டதைச் சேர்த்துக்கொள்கிறது. அவள் படுத்தபடியே கொடுக்கட்டும். ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தட்டித் தூங்கவைப்பது உன் பங்கு. விடியற்காலையில் அவள் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்க, இட்லி ஊற்றிச் சட்னி அரைத்து டிபன் பாக்ஸ் கட்டுவதும் உன் பங்கு.

சாயங்காலம் அவள் கிளம்பும்போது போன் பண்ணச் சொல். அதற்கப்புறம் பாப்பாவுக்கு வயிறு நிறைய எதுவும் கொடுக்காதீர்கள். வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு அவள் உட்கார வேண்டும், பிள்ளை மடிக்கு வர வேண்டும், குடிக்கத் தண்ணீரோ காபியோ பக்கத்தில் வர வேண்டும். சமையலறை பக்கம் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது.

ஆறு மாதம் முடியும்வரை பாப்பாவுக்குப் பால் தவிர எதுவும் வேண்டாம், கோடையில் தண்ணீர்கூட. பிறகு கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம் எல்லாம் ஆரம்பிக்கலாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு கட்டத்தில் அவளால் முடியாமல் போகலாம். பகலில் டாக்டர் சொல்கிற பால் மாவு, வீட்டில் இருக்கும்போது தாய்ப்பால் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது போதும் என்று நிறுத்தலாம். அந்த முடிவு அவளுடையது. ‘இன்னும் ஒரு மாதம் பார்த்திருக்கலாமே’ என்று உன் வாயிலிருந்தோ மதினி வாயிலிருந்தோ வரக் கூடாது. கொடுத்தவரைக்கும் லாபம், பிள்ளைக்கு அது வீண்போகாது.

மதினி இரண்டு பிள்ளை வளர்த்தவர், ‘பிழிந்த பாலை ஃப்ரிட்ஜில் வைப்பதா’ என்று அவருக்குத் தயக்கம் இருக்கும். நீ வாதாடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன் போட்டு அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை