எஃகை வென்ற நூல்

நாம் உடுத்தும் நைலான் ஆடையும், அணியும் மூக்குக் கண்ணாடியும், ஏறிச் செல்லும் பேருந்தின் டயரும் யாரோ சிலர் ஆய்வுக் கூடத்தில் பல்லாண்டுகள் உழைத்ததன் பயன் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பொருளில் மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று ஆராய்ந்து, அவ்வறிவைக் கொண்டு புதிய பொருள்களை ஆக்குவதே பொருள்சார் வேதியியல். இத்துறைக்குள் பெண்கள் எவ்வாறு நுழைந்தனர், நுழைந்தபின் என்ன செய்தனர் என்பதை இரு அமெரிக்கப் பெண்மணிகளின் வாழ்க்கையைக் கொண்டு காண்போம். அடுத்து என்ன படிப்பது என்று திகைக்கும் நமக்கும், என்ன படிக்க வைப்பது என்று கவலையுறும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

முதலாமவர் கேத்தரின் பிளாட்ஜெட் அம்மையார். 1898ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தந்தை பணிபுரிந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக் கூடத்தைக் கல்லூரி மாணவியாக இருந்தபோது பார்க்கச் சென்றார். அங்கிருந்த இர்விங் லாங்மூர் என்னும் விஞ்ஞானி, மேலும் படித்துவிட்டு வருமாறு அறிவுரை கூறினார். அது முதல் உலகப் போர்க்காலம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நச்சுப் புகையைத் தடுக்கும் முகமூடியில் உள்ள கரி எவ்வாறு வாயுக்களை ஈர்த்துக்கொள்கிறது என்று ஆராய்ந்தார். 1918இல் அந்நிறுவன ஆய்வுக் கூடத்தின் முதல் பெண் விஞ்ஞானியாக அமர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, 1926இல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியும் ஆனார்.

தண்ணீரின்மேல் எண்ணெய் போன்ற சில பொருள்களைச் சிறிதளவு விட்டால், அவை ஒரே ஒரு மூலக்கூறின் தடிப்புள்ள ஏடாகப் பரவும். அவ்வேட்டைக் கண்ணாடித் தகட்டின்மீது அடுக்கடுக்காகப் படியச் செய்யும் முறையை அம்மையார் கண்டார். 1938இல் இவ்வாறு 44 அடுக்குகள் படியச் செய்தபோது கண்ணாடியின் பளபளப்பு மறைந்துவிட்டது! அப்படலத்தின் தடிப்பு ஒளி அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு. ஆகவே படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையின் முகடும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையின் அகடும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அந்தப் படலம் விரலால் தேய்த்தால் போய்விடக் கூடியது. உறுதியான படலத்தைப் பிறர் பின்னாளில் உருவாக்கினர். ஆயினும் வழியைக் காட்டியவர் அம்மையாரே.

இரண்டாமவர் ஸ்டெஃபனி க்வோலெக் அம்மையார். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் இவர் வேதியியலுக்கு வந்த வழி நேரான வழியன்று. 1923இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தையுடன் காடுகளில் திரிந்து இலைகளையும் விதைகளையும் சேகரித்து ஏட்டில் ஒட்டி வைப்பார். பத்து வயதில் அத்தந்தையை இழந்தார். தாயார் தையல் தெரிந்தவர். மகளுக்கோ பொம்மைகளுக்கு ஆடை தைப்பதில் அளவற்ற ஆசை. ஆடை வடிவமைப்பாளர் ஆவேன் என்பார். எதையும் குறையின்றிச் செய்து முடிக்கும் வரை விடாத உன் குணத்திற்கு அத்தொழிலில் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்று தாயார் தடுத்துவிட்டாராம். பிறகு மருத்துவராக விரும்பினார். அதற்குப் பணம் இல்லை.

1946இல் வேதியியலில் பட்டம் பெற்றதும், சில ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு மருத்துவம் படிக்கலாம் என்று எண்ணி டூபாண்ட் நிறுவனத்திற்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வு நடத்திய அதிகாரி, இரண்டு வாரத்தில் முடிவு தெரிவிப்பதாகக் கூறினார். வேறொரு நிறுவனத்திற்கு நான் பதில் சொல்ல வேண்டியுள்ளது, விரைவில் தெரிவிக்க இயலுமா என்று இவர் துணிந்து கேட்டார். அதிகாரி உடனே செயலாளரை அழைத்து, இவர் எதிரிலேயே வேலைக்கான கடிதத்தை எழுதச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றி 1986இல் ஓய்வு பெற்றார். மருத்துவக் கல்லூரிக்குப் போகவே இல்லை. பிளாட்ஜெட் அம்மையாரைப் போல் முனைவர் பட்டத்திற்கும் படிக்கவில்லை.

1964 வாக்கில் அமெரிக்காவில் பெட்ரோல் தட்டுப்பாடு வரக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. டயர்களுக்கு எடை குறைந்த, வலிய இழை வேண்டுமென்று அந்நிறுவனம் தேடியது. நைலானின் நீண்ட மூலக்கூறுகள் இடியாப்பம்போல் வளைந்து சிக்கிக் கிடப்பவை. விறைப்பான மூலக்கூறுகளைக் கொண்ட பலபடிகளை க்வோலெக் ஆராய்ந்தார். அவற்றைக் கரைப்பதே பெரும்பாடு. 1965இல் ஒரு கரைசல் கிடைத்தது. நூல் நூற்கும் கரைசல் வழக்கமாகத் தேன்போல் கெட்டியாகவும் தெளிவாகவும் இருக்கும். இதுவோ நீர்த்துக் கலங்கி மோர்போல் இருந்தது. வேறொருவர் என்றால் கொட்டிக் கழுவியிருப்பார்! இவர் அதை நுண்ணிய வடிகட்டியில் வடித்துப் பார்த்தார், கலங்கல் நீங்கவில்லை. ஆகவே அது தூசியன்று என்று தெளிந்தார். நூற்கும் பொறியைக் கவனித்து வந்தவர், நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று மறுத்தார். பலமுறை வற்புறுத்திய பின்னரே இசைந்தார். நூல் அறாமல் வந்தது.

விறைத்த மூலக்கூறுகள் கரைசலிலேயே துடைப்பத்து ஈர்க்குகள்போல் ஒரே திசையில் அணிவகுத்து நின்றன. கலங்கலுக்கு அதுவே காரணம். இந்நிலைக்குத் திரவப் படிகம் என்று பெயர். நுண்துளை வழியே இழுக்கப்பட்டபோது அணி கலையாமல் இழையாயின. இதன் அடிப்படையில் உடன் பணிபுரிந்தோரும் சேர்ந்து உருவாக்கியதே 1971இல் விற்பனைக்கு வந்த கெவ்லார். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை உடையது. டயருக்காகத் தேடிய அந்நூல், காவலர்களின் குண்டு துளைக்காத மேலங்கியாகிப் பல உயிர்களைக் காத்தது. காப்புரிமையை நிறுவனத்திற்கே எழுதிக் கொடுத்துவிட்டதால், விற்பனையில் அம்மையாருக்குப் பங்கு கிடையாது. இது நியாயமா என்று நமக்குத் தோன்றத்தான் செய்கிறது. ஓய்வுக்குப் பின் பள்ளி மாணவியர்க்கு வேதியியல் கற்பித்து வந்த அவர் 2014இல் மறைந்தார்.

கெவ்லாருக்கு முன்பே, 1959இல், பால் மார்கன் என்பவருடன் சேர்ந்து வகுப்பறைக்கான சோதனை ஒன்றையும் அவர் வெளியிட்டார். ஒன்றோடொன்று கலவாத இரு கரைசல்களைப் பீக்கரில் மெல்ல ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்ற வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நைலான் ஏடு படியும். அதுவே இரு கரைசல்களுக்கும் இடையில் தடுப்பாகிவிடும். ஏட்டை இடுக்கியால் பற்றித் தூக்கினால் தடுப்பு நீங்கி, இரண்டும் மீண்டும் சந்திக்க, புதிய ஏடு உண்டாகும். கண்ணாடிக் கோலில் சுற்றச் சுற்ற, கரைசல் தீரும் வரை நைலான் கயிறு வந்துகொண்டே இருக்கும். கரைசல்கள் தோலையும் கண்ணையும் உறுத்தக்கூடியவை. ஆதலால் கையுறை அணிந்து, ஆசிரியை உடன் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.