முதலாளியும் ஒரு காஜியே!

சிஜிஸ்தானில் காஜியாகப் பணியாற்றிய தம் மகனுக்கு ஹஜ்ரத் அபூபக்ரா (ரலி) அவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். கோபம் கொண்டிருக்கும் வேளையில் இருவருக்கிடையே தீர்ப்புச் செய்ய வேண்டாம் என்பது அதன் சாரம். அவ்வாறு நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததைத் தாம் காதால் கேட்டதாகவும் அதில் தெரிவித்திருந்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது. கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லப்பட்டதுதானே என்று எண்ணி நம்மில் பலர் இந்த ஹதீஸைக் கடந்து போய்விடுகிறோம்.

அன்புச் சகோதரர்களே! நான்கு தறி போட்டிருப்பவர், தேங்காய் மண்டி வைத்திருப்பவர், இரண்டு பையன்களை வைத்து மளிகைக் கடை நடத்துபவர், இவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தீர்ப்புச் செய்கிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இவனுக்குக் கூலி பிடித்தம், அவனுக்கு அட்வான்ஸ் இல்லை, இவருக்குக் கடன் தரலாம், அந்தப் பையன் கல்லாவில் கை வைத்திருப்பான், நாளை முதல் அவன் வர வேண்டாம். இவை யாவும் தீர்ப்புகள்தாம். காஜியின் தீர்ப்புக்காவது சாட்சி உண்டு, பிரதிவாதிக்குப் பேச வாய்ப்பு உண்டு. முதலாளியின் தீர்ப்புக்கோ அதுவும் இல்லை. வாதியும் அவரே, நீதிபதியும் அவரே. ஆகவே அந்த எச்சரிக்கை அவருக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும் என்பது நம் கருத்து.

இங்கே ஃபுகஹாக்கள் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். ஹதீஸில் கோபம் ஒன்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்களோ அதன் காரணத்தை ஆராய்ந்து, சிந்தனையைக் கலைக்கும் எதற்கும் இதே சட்டம்தான் என்றார்கள். கடும் பசி, தாகம், தூக்கக் கலக்கம், துக்கம் ஆகியவற்றோடு அளவு மீறிய சந்தோஷத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். சந்தோஷத்தில் மிதப்பவனும் தீர்ப்புக்கு அருகதையற்றவன் என்பது எத்தகைய நுட்பம்!

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரத்தில் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்யப்படுவது நம் வாசகர்கள் அறிந்ததே. ஆஸ்பத்திரிக் காயங்களைக் கட்டும் துணி அங்கிருந்து பல ஊர்களுக்கும் போகிறது. பெரும்பாலும் சிறு முதலாளிகள். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பருத்தியின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பருத்தி இறக்குமதி வரியை ஏப்ரலிலேயே மத்திய அரசு நீக்கியும் உடனே விலை அடங்கவில்லை. பழைய விலைக்கு ஆர்டர் ஒப்புக்கொண்டவர்களின் கதியைச் சொல்ல வேண்டுமா? தறி ஓடினால் நஷ்டம், நிறுத்தினால் ஆள் போய்விடும்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை அவ்வட்டாரத்துச் சகோதரர் ஒருவர் நம்மிடம் கூறினார். காலையில் நூல் விலை கேட்டுப் போனில் பேசிவிட்டுத் தறிக்கூடத்துக்குள் நுழைந்திருக்கிறார். ஒரு தறியில் இழை விட்டுப் போன துணி கண்ணில் பட்டிருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் அந்தத் தொழிலாளியை வாய்க்கு வந்தபடி ஏசி, அந்த வாரக் கூலியிலும் பிடித்துவிட்டார். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் மறுவாரம் வேறு கூடத்துக்குப் போய்விட்டார். அதே நூலில் அடுத்த தறியிலும் இழை அறுந்தபோதுதான் குறை ஆளிடம் இல்லை, நூலில் என்பது இவருக்குத் தெரிந்தது. "ஹஜ்ரத், எனக்குக் கோவம் அவன் மேல இல்ல, நூல் விலை மேல. விலைய ஏச முடியல, அவன ஏசிட்டேன்" என்றார். நாம் ஒரு கிதாபைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்.

நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்து வருடம் கித்மத் செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை நோக்கி ஒரு 'சீ' என்ற சொல்கூட வந்ததில்லை என்று அறிவிக்கிறார்கள். அந்தப் பத்து வருடத்தில் உஹதும் உண்டு, அகழ்ப் போரும் உண்டு, பசியால் வயிற்றில் கல் கட்டிய நாட்களும் உண்டு. வெளியே நடந்த எந்தச் சோதனையும் வீட்டில் பணி செய்த சிறுவர் மீது இறங்கவில்லை.

துக்கமோ சந்தோஷமோ வரவே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. குழந்தை இப்ராஹீம் மரணித்தபோது நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. சூரத்துல் ஹதீதின் 22, 23-ஆம் வசனங்கள், நேரும் எதுவும் முன்பே ஏட்டில் எழுதப்பட்டது என்று அறிவித்து, கைதவறியதற்காக வருந்தி உழல வேண்டாம், கிடைத்ததற்காகத் துள்ள வேண்டாம் என்று கற்பிக்கின்றன. துக்கமும் மகிழ்ச்சியும் அடையாத மனிதன் இல்லை, துக்கத்தைப் பொறுமையாகவும் மகிழ்ச்சியை நன்றியாகவும் ஆக்கிக்கொள்வதே இதன் கருத்து என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள்.

துக்கத்தில் செய்த தவறு சீக்கிரம் தெரிந்துவிடும். சந்தோஷத்தில் செய்தது தெரிய நாளாகும். நல்ல விலை கிடைத்த மாதத்தில் இன்னும் இரண்டு தறிக்கு முன்பணம், மைத்துனருக்குக் கைமாற்று, மகள் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு விருந்து என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வட்டிக்காரன் வாசலில் நிற்பவர்களை நாம் பார்க்கிறோம். காரூனிடம் அவனது சமூகத்தார் துள்ளாதே என்றுதான் முதலில் எச்சரித்ததாகச் சூரத்துல் கஸஸ் கூறுகிறது.

இதற்கு நம் ஹனபி ஃபிக்ஹில் ஓர் அருமையான சட்டம் இருக்கிறது. முளாரபா என்பது ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு. அதில் நடுவே எவ்வளவு லாபம் தெரிந்தாலும், முதல் முழுவதும் திரும்பச் சேராதவரை அந்த லாபம் உறுதியாகாது. பின்னால் நஷ்டம் வந்தால் முன்னால் வந்த லாபத்திலிருந்துதான் அது கழிக்கப்படும். ஹிதாயா ஓதியவர்கள் இதை அறிவார்கள். தனியே தொழில் செய்பவர் இதைத் தம் மனதுக்கும் சட்டமாக்கிக்கொள்ளலாமே! மாலையில் கல்லா நிறைந்தால் அது இன்னும் லாபம் அல்ல, வெறும் வரவு. ஒரு நாள் கல்லா காய்ந்தால் அது இன்னும் நஷ்டமும் அல்ல. கணக்கு முடியும் காலம் வரை இரண்டுமே தீர்ப்பாகாத வழக்குகள். அதுவரை வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைத் தமக்கே கூலி போல் வைத்துக்கொண்டு, கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து வைப்பவருக்கு ஏற்ற இறக்கத்தின் ஆட்டம் பாதி குறைந்துவிடும்.

வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் மலையில் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் நிறைகின்றன. சித்திரை, வைகாசியில் தரை தெரிகிறது. ஓர் இரவில் நாலடி தண்ணீர் ஏறிவிட்டது என்பதற்காக யாரும் அன்றே எல்லா மடைகளையும் திறந்துவிடுவதில்லை. எந்தக் கண்மாய்க்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்ட பிறகே ஷட்டரில் கை வைக்கிறார்கள்.

கோபம் வந்துவிட்டால், நிற்பவர் உட்காரவும், உட்கார்ந்தும் போகாவிட்டால் படுத்துவிடவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியது அபூதாவூதில் உள்ளது. கடையில் படுக்க முடியாதே என்பீர்கள். அடுத்த தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய் வர முடியுமல்லவா? பிடித்தம், நீக்கம், பெரிய கொள்முதல் மூன்றையும் ஒரு வக்து தொழுகையைத் தாண்டியே முடிவு செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய காரியமானால் மஷ்வரா செய்து, இஸ்திகாராவும் தொழுதுகொள்ளுங்கள்.

கடன் நெஞ்சை அழுத்தும் நாட்களுக்கு ஒரு துஆ. தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளியில் தனியே உட்கார்ந்திருந்த அபூ உமாமா என்ற அன்சாரித் தோழரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டு விசாரித்தபோது, கவலையும் கடனும் என்று அவர் சொன்னார். காலையிலும் மாலையிலும் ஓதும்படி அவருக்கு இந்தத் துஆ கற்பிக்கப்பட்டதாக அபூதாவூதில் வருகிறது. இச்சம்பவத்தின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி முஹத்திஸ்களிடையே பேச்சு உண்டு. ஆனால் இந்தத் துஆவை நாயகம் (ஸல்) அவர்கள் அதிகம் ஓதுவார்கள் என்பது அனஸ் (ரலி) வழியாகப் புகாரியிலேயே இருக்கிறது. 'ஹம்மு' என்பது வரப்போவதை எண்ணிய கவலை, 'ஹுஸ்னு' என்பது போனதை எண்ணிய துக்கம் என்று உலமாக்கள் பிரித்துக் காட்டுவர். இவ்விரண்டோடு இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம் ஆகிய எட்டிலிருந்தும் அதில் பாதுகாப்புத் தேடப்படுகிறது. ஒரு சிறு வியாபாரியின் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பவற்றில் இந்த எட்டுக்கு வெளியே ஏதும் உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

இறுதியாக ஒரு மஸ்அலா. அந்தத் தறிக்காரச் சகோதரர், "தவ்பாச் செஞ்சுட்டேன், போதுமா?" என்று கேட்டார். போதாது. பிடித்த கூலி அந்தத் தொழிலாளியின் ஹக்கு. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. எனவே தொகையை அவரிடமே சேர்க்க வேண்டும். அவர் மவுத்தாகிவிட்டால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு தேடியும் எவரும் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் ஸதகா செய்ய வேண்டும். பின்னால் உரியவர் வந்து கேட்டால் மீண்டும் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஏசியதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். பலர் முன்னிலையில் ஏசியிருந்தால், அந்தப் பலர் அறியவே கேட்பது நல்லது. அந்தத் தொழிலாளி இருக்கும் கூடம் அவருடைய கூடத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போவதாகச் சொல்லியிருக்கிறார்.