ஜரிகைப் பெட்டியில் இருந்தது ரோமானியப் பதக்கமா?

கேள்வி: எங்கள் தாத்தா ஜரிகை வியாபாரம் செய்தவர். அவருடைய பெட்டியில் கனமான வெண்கல வட்டு ஒன்று இருந்தது. குறுக்களவு 41 மில்லிமீட்டர், எடை 52 கிராம். ஒரு பக்கம் தாடி வைத்த தலை, சுற்றிலும் லத்தீன் எழுத்து. ‘கொமோடஸ்’ என்று படிக்க முடிகிறது. விளிம்பு முழுக்க மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. ஒருவர் விலைக்குக் கேட்கிறார். புளி போட்டுத் துலக்கிக் காட்டலாமா?
— வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தயவுசெய்து புளி போடாதீர்கள். அதன் மேலுள்ள களிம்பு உலோகத்திலிருந்தே விளைந்ததா, பிற்பாடு யாரோ பூசியதா என்று பார்த்துத்தான் பழமையை எடைபோடுகிறோம். துலக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும், திரும்ப வராது.

கொமோடஸ் கி.பி. 180 முதல் 192 வரை தனித்து ஆண்ட ரோமானியப் பேரரசர். அன்றைய பெரிய காசான செஸ்டர்ஷியஸ் சுமார் 25 கிராம்தான். புத்தாண்டுப் பரிசாகப் பேரரசர் வழங்கிய பதக்கங்கள் அதைவிடக் கனமானவை. உங்கள் வட்டின் எடை பதக்கத்துக்குப் பொருந்துகிறது. பின்பக்கத்தையும் பாருங்கள். செனட்டைக் குறிக்கும் ‘எஸ்.சி.’ எழுத்துகள் வெண்கலக் காசில் வழக்கமாக இருக்கும். பதக்கத்தில் பெரும்பாலும் இருக்காது.

என்னை யோசிக்க வைப்பது விளிம்புக் கோடு. ரோமானியர் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அப்படி அடித்ததில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். இரண்டு பாதி அச்சுகளைப் பொருத்தி உருக்கி ஊற்றினால்தான் விளிம்பில் இணைப்புக் கோடு விழும். பூதக்கண்ணாடியில் ஊசிமுனைக் குழிகளும் மழுங்கிய எழுத்தும் தெரிந்தால் அது வார்ப்பு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரில் ஜியோவானி தா கவினோ என்பவர் ரோமானியப் பதக்கங்களைப் போலவே அழகாக அச்சடித்தார். அவற்றிலிருந்து பிற்காலத்தில் வார்த்தெடுத்த நகல்களும் உண்டு.

ஜரிகையைச் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்துப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அது உலோகக் கலவையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. துத்தநாகம் 30 சதவீதத்தைத் தாண்டினால் ரோமானியம் அல்ல என்று ஒதுக்கலாம். அக்கால முறையில் செம்பில் அவ்வளவு துத்தநாகம் ஏறாது. குறைவாக இருப்பதை வைத்து மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது.

கரூர் அமராவதியிலும் மதுரை வைகையிலும் கிடைத்த ரோமானியச் செம்புக் காசுகள் பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறு காசுகள். இவ்வளவு பெரிய பதக்கம் தமிழ் மண்ணில் கிடைத்தது என்று உறுதியானால் அது பெரிய செய்தி. எனவே தாத்தாவுக்கு இது எப்படி வந்தது என்று பழைய கணக்கு நோட்டிலும் கடிதங்களிலும் தேடுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். மண்ணில் கிடைத்ததாகத் தெரிந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டைக் கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. கவினோ அடித்ததாக இருந்தாலும் இதே சட்டம்தான்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், இது பிற்கால வார்ப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். மெல்லிய காகிதத்தில் சுற்றி, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவுக்கு எடுத்துச் செல்லுங்கள். அதுவரை யாருக்கும் விற்காதீர்கள்.