ஓடும் ஆற்றில் படகை அடக்குவது எப்படி?



நம்ம சுவாமிமலை காவிரிக் கரை ஊர். ஆடிப்பெருக்குக்கு ஆற்றைக் கும்பிடுகிறோம். தண்ணீர் வந்தால் பையன்கள் வாழை மரத்தைக் கட்டித் தெப்பம் விடுகிறார்கள். ஆனால் ஓடும் தண்ணீரில் மிதக்கிற ஒன்றை எப்படி அடக்குவது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நான் ஒரு தப்பு செய்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நான் செய்த தப்பு

என் மாமா கொள்ளிடத்தில் மீன் பிடிப்பவர். கொள்ளிடம் முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிறது. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி வெள்ளம் வந்தால், மிச்சத் தண்ணீர் பெரும்பாலும் கொள்ளிடம் வழியாகத்தான் கடலுக்குப் போகும். 2024 ஜூலைக் கடைசியில் அப்படித்தான் அணை நிரம்பியது. வெள்ளம் வடிந்து சில வாரம் கழித்து மாமா என்னைத் தன் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டார்.

வலை போடும் இடம் வந்ததும், நான் உதவி செய்கிறேன் என்று நங்கூரக் கல்லின் கயிற்றைப் படகின் பக்கவாட்டில் கட்டி, கல்லைத் தண்ணீரில் போட்டேன். கயிறு விறைத்தது. படகு ஆற்றுக்குக் குறுக்கே திரும்பியது. தண்ணீர் வருகிற பக்கம் அப்படியே சாய்ந்து, உள்ளே தண்ணீர் ஏறியது. மாமா ஒரு வார்த்தை பேசாமல் கத்தியால் கயிற்றை அறுத்தார். படகு நிமிர்ந்தது. கல்லும் கயிறும் போச்சு. நான் அழுதேன். கரைக்கு வந்ததும் மாமா, "உன் மேல தப்பு இல்ல பாப்பா. சொல்லிக் குடுக்காம ஏத்துனது என் தப்பு" என்றார். பிறகு சொல்லிக் கொடுத்தார். அதோடு நம் அறிவியல் பாடத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1. படகு ஏன் நம் பேச்சைக் கேட்பதில்லை?

ஓடும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நமக்கு அசையாத மாதிரி தெரிவார். இருவருக்கும் ஒரே வேகம். அதுபோலத்தான் ஆற்றோடு மிதந்து போகிற படகுக்குத் தண்ணீர் நிற்கிற மாதிரி. அப்போது சுக்கானைத் திருப்பினாலும் படகு திரும்பாது, ஏனென்றால் சுக்கானைத் தண்ணீர் உரசிப் போகவில்லை.

"வாளியைக் கயித்துல கட்டித் தொங்க விட்டா படகு நிக்காதா மாமா?" என்று கேட்டேன். "வாளியும் தண்ணியோடதான போவும்?" என்று சிரித்தார். எனவே வழி இரண்டுதான்.

(அ) தண்ணீரின் வேகத்திலிருந்து மாறுபட்டுப் போக வேண்டும். இதற்குத்தான் துடுப்பு. ஆற்றை எதிர்த்து, ஆறு ஓடும் அதே வேகத்தில் துடுப்புப் போட்டால் படகு ஒரே இடத்தில் நிற்கும்.
(ஆ) தரையைப் பிடிக்க வேண்டும். இதற்குத்தான் மூங்கில் கழி, நங்கூரம், கரையில் கட்டும் கயிறு.

2. நங்கூரம் போடும் முறை

* கயிற்றைப் படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். அப்போது முனை ஆற்றைப் பார்த்துத் திரும்பும். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். பக்கவாட்டில் கட்டினால் என் கதைதான்!
* கயிறு நீளமாக இருக்க வேண்டும். மாமா ஆழத்தைப்போல் 5 மடங்கு விடுவார். 2 மீட்டர் ஆழத்துக்கு 10 மீட்டர். குட்டையான கயிறு கல்லை மேலே தூக்கும். நீளமான கயிறு கல்லைத் தரையோடு இழுக்கும், கல் பிடிக்கும்.
* சட்டென்று அவிழ்கிற முடிச்சு போட வேண்டும். கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.
* நிறுத்தாமல் மெதுவாக நகர்ந்துகொண்டே மீன் பிடிக்க, முன்முனையிலிருந்து ஒரு சங்கிலியைத் தரையில் இழுபட விடுவார்கள். வேர், முள் உள்ள இடத்தில் இது கூடாது. மாட்டிக்கொள்ளும்.

3. ஆற்றைக் கடப்பது

ஆறு 200 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது. நாமும் எதிர்க்கரையைப் பார்த்து நொடிக்கு 1 மீட்டர் துடுப்புப் போடுகிறோம். கரை சேர 200 நொடி ஆகும். அதற்குள் ஆறு நம்மை 200 மீட்டர் கீழே கொண்டு போய்விடும். அதனால்தான் படகுக்காரர்கள் கரையோரமாக மேலே போய், அங்கிருந்து கடக்கிறார்கள். ஒகேனக்கலில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேலே நடப்பதும் இதற்காகத்தான்.

4. செய்து பார்!

எங்கள் ஆசிரியையுடன் வாய்க்கால் கரையில் 10 மீட்டர் அளந்து, வாழைத்தண்டுத் துண்டுகளை மிதக்க விட்டோம். நடுவில் போட்டது 20 நொடியில் போனது. ஓரத்தில் போட்டதுக்கு 40 நொடி. அதாவது நடுவில் நொடிக்கு 0.5 மீட்டர், ஓரத்தில் 0.25 மீட்டர். கரையும் தரையும் உராய்வதால் ஓரத் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. நிற்கும் படகைத் தண்ணீர் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்கு! ஓரத்தில் படகைப் பிடித்து நிறுத்திய அதே கல் நடு ஆற்றில் இழுபட்டுப் போகலாம். நேற்று தாங்கியது, மேலே அணையில் தண்ணீர் கூட்டி விட்டால் இன்று தாங்காது.

5. தெப்பம் விடும் நண்பர்களுக்கு

வாழை மரத் தெப்பத்தில் துடுப்பு இல்லை, நங்கூரம் இல்லை. கையில் ஒரு கழிதான். அந்தக் கழி தரையை எட்டும் வரைதான் தெப்பம் உங்களுடையது. எட்டாத இடத்தில் அது ஆற்றுக்குச் சொந்தம். மணல் அள்ளிய பள்ளங்களில் கழி திடீரென்று எட்டாமல் போகும். மதகுக்கும் பாலத்தூணுக்கும் மேற்பக்கத்தில் தண்ணீர் நேராக அதன் மேல் கொண்டு போய் அழுத்தும். ஒரு கன அடி என்றால் நொடிக்குச் சுமார் 28 லிட்டர். ஆயிரக்கணக்கான கன அடி திறந்திருக்கிறார்கள் என்று அறிவித்தால், அது நம்மைத் தள்ளப் போகிற தண்ணீரின் கணக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அன்று கரையில் நின்று பார்ப்பதே போதும்.

மாமா இப்போது புதுக் கல், புதுக் கயிறு வாங்கிவிட்டார். முதலில் முன்முனை முடிச்சைத்தான் என்னைப் போடச் சொன்னார். இந்த விஷயம் எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது இந்த இதழைப் படித்தால் தெரிந்துவிடும்! பரவாயில்லை, உங்களில் ஒருவர் இதைப் படித்துவிட்டு ஓரமாக நின்றால் போதும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி